காற்று வேண்டாதவை

நவம்பர் 3, திங்கள்

மழை விட்டிருந்ததால் மாடியில் துணி காயப்போட்டேன். இறங்கி வரும்போது நூலக வாசகர் வட்டத்திலிருந்து போன். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான் பேச வேண்டுமாம், தலைப்பு என் விருப்பம். பணி ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பேசச் சொல்லி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. யோசிக்காமல் 'பாக்டீரியாவும் காற்றும்' என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் நான் மிகவும் விரும்பி நடத்திய பாடம் அது.

பிரமு கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். "மைக் வேற குடுப்பாங்களோ? இந்த வீட்டுல இருந்த காத்தையெல்லாம் பேசியே தீத்தாச்சு. இனி நூலகத்துக் காத்துதான் பாக்கி" என்றாள். என் மனைவி கணக்கு டீச்சராக இருந்தவள். யாருக்கும் மிச்சம் வைத்துப் பேச மாட்டாள்.

ஐந்து சார்ட் வரைய வேண்டும். ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கி, பழைய படங்களைச் சுவரில் போர்டு பின்களை வைத்துக் குத்திப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை உயிரியல் வாத்தியார். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

மாலையில் செருப்பைக் கழற்றினால் செருப்பு வர மாட்டேன் என்றது. இழுத்துப் பார்த்தேன். நேற்றைய போர்டு பின் ஒன்று செருப்பின் அடியைத் துளைத்து, வலது பாதத்தில் விரல்களுக்குக் கீழே சதை பருத்திருக்கும் இடத்தில் முழுசாக இறங்கியிருக்கிறது. காலையிலிருந்து இதோடுதான் மார்க்கெட்டுக்கும் தபால் நிலையத்துக்கும் போய் வந்திருக்கிறேன். வலி என்பதே இல்லை. சர்க்கரை வந்த நாளிலிருந்து பாதம் மரத்துப் போய்விட்டது.

பின்னைப் பிடுங்கினேன். ஒரு துளி ரத்தம்தான். டெட்டால் வைத்துத் துடைத்து, களிம்பு தடவி, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டினேன்.

"டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம்" என்றாள் பிரமு.

"பின் குத்தினதுக்கா? டிடி ஊசி போன வருஷம்தான் போட்டது."

"சுகர்காரங்க காலப் பத்திரமாப் பாக்கணும்னு அவருதானே சொன்னாரு."

என் அண்ணன் நமச்சிவாயத்தையும் இப்படித்தான் சும்மா காட்டிவிட்டு வருவோம் என்று கூட்டிப் போனார்கள். முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவன் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது. காயம் கடுகளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

நாளெல்லாம் மழை. வாசலில் சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து படிவரை வந்துவிட்டன. அதில் மிதந்து வந்தவற்றை எழுதக் கை கூசுகிறது.

ஈரம் படாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பால் கவரை வெட்டிக் கழுவி, பாதத்துக்கு உறைபோல் மாட்டி, மேலே ரப்பர் பேண்டு. பிறகு சாக்ஸ். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது, காற்றுகூடப் போகாது. குளித்த பிறகும் கழற்றவில்லை. இந்த மழையில் தரை முழுக்கக் கிருமி.

பேச்சுக்கு நல்ல உதாரணம் ஒன்று கிடைத்தது. பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழைத் தளர்வாகக் காய்ச்சிச் சோதனைக் குழாயில் ஊற்றி, அதில் பாக்டீரியாவைக் கலந்து வைப்பார்கள். மேலே காற்று உண்டு, அடியில் கிடையாது. எந்த மட்டத்தில் வளர்கிறது என்று பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும். இந்தக் குழாயை நம் டவுன் பஸ்ஸாக நினைத்துக்கொள்ளலாம். காற்று இல்லாவிட்டால் மூச்சு முட்டுகிறது என்று படிக்கட்டிலேயே தொங்குகிறவர்கள் சிலர். படியும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம், கொஞ்சம் காற்றுப் போதும் என்று கதவுக்குச் சற்று உள்ளே நிற்பவர்கள் சிலர். எங்கும் உட்காருவார்கள், ஆனாலும் ஜன்னல் கிடைத்தால் சந்தோஷம் என்பவர்கள் சிலர். காற்று வந்ததா போனதா என்றே தெரியாமல் டிக்கெட்டை மடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. கடைசி வகைதான் விசித்திரம். ஷட்டரை இறக்கிவிட்டுப் பின் மூலையில் போய் உட்காருவார்கள். அவர்களைப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தால் செத்துப்போவார்கள். அவர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு.

பிரமுவிடம் சொல்லிக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. சார்வாளுக்கு எந்த சீட்டு?" என்றாள்.

நவம்பர் 8, சனி

வீட்டில் எலி செத்திருக்கிறது.

காலையில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போதே வந்துவிட்டது அந்த நாற்றம். முதலில் அழுகிய முட்டை, பிறகு ஊறிப்போன தோல், அதற்குப் பின்னால் தித்திப்பாக ஏதோ ஒன்று. அந்தத் தித்திப்புத்தான் தாங்க முடியவில்லை. பீரோவை நகர்த்தினேன். பரணில் ஏறச் சொன்னதற்குப் பிரமு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானே ஏறினேன். பழைய விடைத்தாள் கட்டும் கரப்பான் எச்சமும்தான். ஆச்சரியம், பரணிலும் அதே நாற்றம்.

பத்தி ஏற்றினோம். பத்தி வாசனையும் செத்த எலியும் சேர்ந்து இன்னும் மோசம்.

நவம்பர் 9, ஞாயிறு

எலி இல்லை. சமையலறைத் தொட்டிக் குழாயாக இருக்கும் என்று அடியில் இருக்கும் வளைவைக் கழற்றினேன். உள்ளே சாம்பல் நிறத்தில், நீளமாக, சளிபோல் ஒன்று வழுக்கிக்கொண்டு வாளியில் விழுந்தது. சோற்றுப் பருக்கை, முடி, எண்ணெய் எல்லாம் ஒன்றாகிக் கறுத்த கொழுக்கட்டை. காற்றே படாத இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. மூலை சீட்டுக்காரர்களின் வேலை, கந்தகம் கலந்த வாயு, பாடத்தில் படிப்பதற்கும் மூக்கால் படிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம். இரண்டு தடவை ஓங்கரித்தேன். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

சுத்தமாகக் கழுவி மாட்டிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று நிமிடம் இருக்கும். மறுபடியும் வந்துவிட்டது.

கால் கட்டை மாற்றலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடிக்கடி திறந்தால் எப்படி ஆறும்.

நவம்பர் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஞானதுரை அண்ணாச்சி, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாடித் தோட்டத்துக்காக மீன் கழிவையும் வெல்லத்தையும் ஒரு நீல டிரம்மில் போட்டு இறுக மூடி வைத்திருக்கிறார். மீன் அமிலமாம். தலை, குடல், செதில் எல்லாம் உள்ளே.

நேரே போனேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, பக்கத்துல மனுஷங்க குடியிருக்கோம்."

"ஏன் சார்வாள், என்ன ஆச்சு?"

"ஒங்க டிரம்ம மூணு நாளா நாங்கதான் மோந்துக்கிட்டிருக்கோம்."

அவர் என்னை மாடிக்குக் கூட்டிப் போய் டிரம் மூடியைத் திறந்தார். நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "கைய எடுத்துட்டு மோந்து பாருங்க" என்றார். எடுத்தேன். பழுத்த பலாப்பழத்தோடு கொஞ்சம் பழைய கள்ளைச் சேர்த்த மாதிரி ஒரு வாடை. நாற்றம் என்று சொல்ல முடியாது.

"நல்லா நொதிச்சா இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்தார். "ஆனா சார்வாள், இங்க ஏதோ வாடை வரத்தான் செய்யுது."

"அதத்தானே நானும் சொல்லுதேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மூடியைப் போட்டு இறுக்கினார்.

நவம்பர் 11, செவ்வாய்

பிரமு பாயையும் தலையணையையும் ஹாலுக்கு எடுத்துப் போய்விட்டாள். நான் குறட்டை விடுகிறேனாம். இவ்வளவு வருடமாக விடாத குறட்டையை இப்போது விடுகிறேனாம். போகட்டும் என்று இருந்துவிட்டேன். அறைக்குள் கொஞ்சம் இடம் கிடைத்தது. இரண்டாவது சார்ட்டுக்கு வண்ணம் தீட்டினேன்.

நவம்பர் 12, புதன்

பெரிய சார்ட் தாள் வாங்க ஜங்ஷன் வரை பஸ்ஸில் போனேன். மழையால் ஷட்டரெல்லாம் இறங்கியிருந்தது. நல்ல கூட்டம். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து போய் நின்றுகொண்டார். பிறகு ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்தான், எழுந்தான். முன் சீட்டுக்காரர் ஷட்டரை ஏற்றிவிட்டு நனைந்துகொண்டே வந்தார். இவ்வளவு கூட்டத்தில் என் பக்கத்து இடம் மட்டும் காலி. பெரியவர் என்று மரியாதை கொடுத்திருக்கலாம்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கையை நீட்டித் தூரத்திலிருந்தே கொடுத்தார். "பெருசு, மீன் வாங்கிட்டு வாரீங்களோ?"

என் பையில் சார்ட் தாள்தான் இருந்தது. ஊர் முழுக்கச் சாக்கடை பொங்கிக் கிடக்கிறது, யார் மேல் எந்த நாற்றம் என்று யார் சொல்ல முடியும்.

நவம்பர் 13, வியாழன்

பிரமு இன்று ஒரு வார்த்தை சொன்னாள். மனைவி கணவனிடம் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல. நான் தினம் இரண்டு வேளை குளிக்கிறவன்.

"கோவப்படாமக் கேளுங்க. நீங்க கடைக்குப் போனா வீட்டுல நாத்தம் இல்ல. வந்தா இருக்கு. பரண்ல ஏறினா பரண்ல இருக்கு. இதுக்கு மேல என்ன கணக்குப் போடணும்? காலக் காட்டுங்க."

"சுத்தமாக் கட்டி வச்சிருக்கேன். களிம்புக்கு ஒரு வாடை உண்டு."

"களிம்ப நானும் மோந்து பாத்திருக்கேன்."

நாளெல்லாம் அவளோடு பேசவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

லேசாகக் குளிர். மழைதான் காரணம். சர்க்கரை பார்த்தேன், கூடியிருக்கிறது. சார்ட் வேலையில் சாப்பாட்டு நேரம் தவறிப்போனதால் இருக்கும்.

நவம்பர் 15, சனி

நாளைக்குப் பேச்சு. அதனால் கட்டை மாற்றினேன். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செய்தேன்.

பால் கவரைக் கழற்றியதும் உள்ளே தேங்கியிருந்த நீர் கொட்டியது. பஞ்சு பழுப்பும் பச்சையுமாக இருந்தது. இரண்டு விரல்கள் கொஞ்சம் கறுத்துத் தெரிகின்றன, இந்த பல்பு வெளிச்சமே மோசம். அழுத்தினால் சிறு சிறு குமிழி வந்தது. புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியிருந்தேன், அது நுரைக்கத்தான் செய்யும். நம் உடம்பில் ஒரு நொதி அந்த மருந்தை உடைத்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. நாளைக்குச் சொல்ல நல்ல உதாரணம். ஆக்சிஜனால் உடம்புக்குள் உண்டாகும் நஞ்சை முறிக்க நம்மிடம் இந்த நொதி இருக்கிறது. மூலை சீட்டுக்காரர்களில் பலருக்கு அது கிடையாது. அதனால்தான் அவர்களுக்குக் காற்று ஆகாது.

மருந்து ஊற்றுவதற்கு முன்பே குமிழி வந்ததா, பிறகு வந்ததா என்று இப்போது நினைவில்லை.

புதுப் பஞ்சு, நிறையக் களிம்பு, நீலகிரித் தைலம், அதன் மேல் புதுப் பால் கவர், இரண்டு சாக்ஸ். வெளியே வந்தபோது பிரமு கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் சார்ட்டைச் சுருட்டப் போய்விட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பேசினேன். பாதியில் நிறுத்தினேன்.

நவம்பர் 21, வெள்ளி. ஆஸ்பத்திரி

இன்றுதான் மறுபடி பேனா பிடிக்க முடிந்தது. வலது காலில் இரண்டு விரல்களும் அடியில் ஒரு பகுதியும் இல்லை. முழங்காலும் கணுக்காலும் இருக்கின்றன. போர்வையை விலக்கி அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிறு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மழைச் சாரல் என்று நூலக மாடியில் ஜன்னலையெல்லாம் அடைத்திருந்தார்கள். நல்ல கூட்டம். பஸ் உதாரணத்துக்குச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதல் வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்து பின்னால் போனார். வாசகர் வட்டச் செயலாளர் கழிவறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சாத்திய பிறகும் ஆட்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் முன் வரிசையில் பிரமு மட்டும் இருந்தாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஐந்தாவது சார்ட்டுக்கு வந்தேன். காற்று வேண்டாத பாக்டீரியா நம் உடம்புக்குள் எப்படிக் குடியேறும் என்று விளக்கும் இடம். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்ன வரிகள், யோசிக்காமலே வாயில் வரும். "ஆணியோ முள்ளோ ஆழமாகக் குத்தினால் மேலே வாய் மூடிக்கொள்ளும். முதலில் உள்ளே போகிறவை எதிலும் பிழைக்கிற வகை. அங்கே இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றையும் அவை தின்று தீர்த்துவிடும். பிறகுதான் காற்று வேண்டாதவை ஆட்சிக்கு வரும். அவை வந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்றால், ஒரு நாற்றம்..."

அதற்கு மேல் வரவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. காலைக் குனிந்து பார்த்தேன். இரண்டு சாக்ஸ், பால் கவர், பஞ்சு, களிம்பு. இதைவிட நல்ல சோதனைக் குழாயை எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாது. எலி, தொட்டிக் குழாய், டிரம், பஸ் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் தேடிப் போன இடத்துக்கெல்லாம் அதை நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். என் உடம்பின் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"யாராவது ஜன்னலைத் திறந்துவிடுங்க" என்றேன். "வாடை என் கால்லேர்ந்துதான் வருது."

பிரமு எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "வாங்க" என்றாள். ஆட்டோவில் போகும்போது, "அண்ணன் மாதிரி ஆயிரும்" என்றேன். "ஆனா ஆகட்டும். ஆள் இருந்தாப் போதும்" என்றாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பால் கவரைக் கத்தரியால் வெட்டியபோது நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் புறங்காலை அழுத்தினார். தோலுக்கு அடியில் நொறுநொறு என்று ஒரு சத்தம், அப்பளத்தை ஈரத்துணிக்குள் வைத்து அமுக்கியதுபோல். உள்ளே, அவை உண்டாக்கிய வாயு.

"சார், எதுக்கு இப்படி மூடி வச்சீங்க?"

"கிருமி போயிரக் கூடாதுன்னு."

"என்ன வேலை பாத்தீங்க?"

பிரமு என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "ஸ்கூல்ல இருந்தாங்க" என்றாள். பாடத்தின் பெயரைச் சொல்லவில்லை.

நவம்பர் 24, திங்கள்

காயத்தைத் தைக்கவில்லை. திறந்தே வைத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஆறி வர வேண்டுமாம், மேலே மூடிவிட்டால் மறுபடி அடியில் ஆரம்பித்துவிடுமாம். தினமும் கழுவி, ஈரத் துணி லேசாக வைத்துக் கட்டுகிறார்கள். கட்டை எடுக்கும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். இறைச்சிக் கடைப் பலகை போல் இருக்கிறது. இன்று வாந்தி எடுத்தேன்.

"பாக்கப் பழகணும் சார். வீட்டுக்குப் போனா தினம் கண்ணாடி வச்சுப் பாதத்தப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

மாலையில் ஞானதுரை அண்ணாச்சி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "சார்வாள், அடுத்து யார் வீட்டு டிரம்மத் திறக்கணும்? சொல்லுங்க, நானும் கூட வாரேன்."

பிரமு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

"வாத்தியார்ட்ட போயி ஒங்க காலு நாறுதுன்னு எப்படிச் சொல்ல. டீச்சர்ட்டதான் சொன்னேன்." ஆரஞ்சை உரித்து நீட்டினார். "அவங்க, எனக்கும் தெரியும், பாக்க விட மாட்டேங்காருன்னு அழுதாங்க."

பிரமு திரும்பிக்கொண்டு பழத்தோலைப் பொறுக்கினாள். ஆரஞ்சு வாசனை நன்றாக இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு. வீடு

வெயில். பிரமு எல்லா ஜன்னலையும் திறந்து போட்டிருக்கிறாள். பால் கவர்களையெல்லாம் வழித்துப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள்.

காலையில் நர்ஸ் வந்து கட்டை அவிழ்த்ததும் கண்ணாடியை நானே வாங்கிக்கொண்டேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடித்தேன். பிறகு பார்த்தேன். நடுவில் பள்ளம், ஓரத்தில் செக்கச்செவேல் என்று சின்னச் சின்ன மணிகள் மாதிரி புதுச் சதை. அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணாடியை இறக்கவில்லை.

பிரமு தரையில் உட்கார்ந்து, என் பாதத்துக்கு நேராகக் குனிந்து, மூச்சை இழுத்து முகர்ந்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

"டெட்டால் நாத்தம்தான்" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஹாலிலிருந்து பாயையும் தலையணையையும் எடுத்து வந்து கட்டில் பக்கத்தில் போட்டுப் படுத்தாள். "குறட்டை விட்டா எழுப்பிருவேன்" என்றாள்.

நான் தூங்கவில்லை. அவள்தான் உடனே தூங்கிவிட்டாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குறட்டைச் சத்தம் கேட்கிறது. நல்ல சத்தம். நான் எழுப்பவில்லை.